மந்திரிக்கிறதுக்கு ரேட் கார்டு வேணுமா?

பொன்னேரியில யாரைக் கேட்டாலும் மந்திரிக்கிற ஆள் ஒருத்தரைத் தெரிஞ்சிருக்கும். குழந்தை ராத்திரியில அலறி எழுந்தா திருநீறு போட ஒருத்தர், ஓதி நூல் கட்ட ஒருத்தர், தலையில கை வெச்சு ஜெபிக்க ஒருத்தர். (இங்கிலீஷ் மீடியத்துல பன்னிரண்டு வருஷம் படிச்சும் 'மந்திரிக்கிறது'க்குச் சரியான இங்கிலீஷ் வார்த்தை எனக்கு இன்னும் கிடைக்கல.) இவங்கள்ல யாராவது வாயைத் திறந்து ஐந்நூறு ரூபா கேட்டா, உடனே போலின்னு முடிவு பண்ணிடுறோம். காசே வாங்கலன்னா உண்மையானவர். உங்க வீட்டுலயும் இந்தக் கணக்குதானே?

இந்தக் கணக்கே தப்புன்னு நான் நினைக்கிறேன்.

எங்க தெருவுல ஒரு பையனுக்கு வலிப்பு. அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை. ஒரு நாள் லீவ் போட்டா அன்னைக்குச் சம்பளம் கிடையாது. அவர் தேடிப் போன பூசாரி "நான் காசு வாங்குறதில்லப்பா" என்றுதான் ஆரம்பித்தார். முதல் தடவை வெற்றிலை பாக்கு, நூற்றியொரு ரூபாய். அடுத்த தடவை ஒரு சேவல். மூன்றாவது தடவை "யாரோ செய்வினை வெச்சிருக்காங்க", கழிப்பு எடுக்க எட்டாயிரம். எல்லாமே சாமி செலவு, ஃபீஸ் இல்லை. எட்டாயிரத்தை விட எனக்கு உறுத்தறது வேற: அந்த நாலு மாசமும் பையன் மாத்திரை சாப்பிடல.

ஃபீஸ்னு நேரா சொல்லியிருந்தா அந்த அப்பா முதல் நாளே கணக்குப் போட்டிருப்பார். 'உங்க இஷ்டம்' என்கிற வார்த்தைக்கு மேல் வரம்பு கிடையாது.

அதுக்காக, ரேட் போர்டு மாட்டிட்டா எல்லாம் சரியா? ஏர்வாடியை நினைச்சுப் பாருங்க. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய மனநோயாளிகள் இல்லங்களில் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குணமாகிப் போகலாம் என்று கனவில் உத்தரவு வரும்வரை தங்குவது அங்கே வழக்கம். மாதக்கணக்கில் கூடவே தங்க முடியாத குடும்பங்கள் பணம் கட்டி அந்த இல்லங்களில் விட்டுப் போயின. அந்தப் பணம் வைத்தியத்துக்கான பணமே இல்லை, பார்த்துக்கொள்வதற்கான பணம். வாங்கியவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

இதுக்கு நேரெதிரா ஒண்ணு. முத்துசாமி என்பவர் பெயரில் உள்ள தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருந்து இல்லை. சராசரியா ஆறு வாரத்தில் அவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. மந்திர சக்தின்னு ஆய்வாளர்கள் எழுதல. மிரட்டாத, ஆதரவான சூழல் காரணமா இருக்கலாம்னு எழுதினாங்க. கூடவே வீட்டு ஆள் ஒருத்தர் தங்கியிருந்தார். 31 பேரை வெச்சு உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாதுதான். ஆனா உட்கார வெச்சு, பேச்சைக் கேட்டு, பயத்தைக் குறைக்கிறதும் ஒரு வேலை. அந்த வேலைக்கு நேரம் போகுது. அதைச் செய்றவருக்கும் வயிறு இருக்கு. அந்த நேரத்துக்குக் கூலி வாங்கட்டும், முன்கூட்டியே சொல்லி வாங்கட்டும். ஜிபேல வாங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விற்கக் கூடாதது வாக்குறுதி. இந்தச் சட்டத்தை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? 1954-லேயே மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் வந்துவிட்டது. தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் அதில் பெயரோடு இருக்கு. வலிப்பு, புற்றுநோய், சர்க்கரை நோயை அதனால் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்தால் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. சட்டம் தடுப்பது விளம்பரத்தைத்தான், தட்சிணையை அல்ல. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியில் கட்டவும் கூடாது.

அதனால அடுத்த தடவை பாட்டி உங்களை மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனா, சண்டை போடாம போங்க. எவ்வளவு கேக்குறார்னு பார்க்கிறதோட நிறுத்தாம, "மாத்திரையை நிறுத்தணுமா சாமி?"ன்னு கேளுங்க. "நிறுத்து"ன்னு சொன்னா, அவர் ஒரு ரூபா வாங்கலன்னாலும் எழுந்து வந்துடுங்க. மனசு சம்பந்தப்பட்ட பிரச்சினைன்னா டெலி மானஸ் எண் 14416. அதுக்குக் காசு கிடையாது.