சுட்டுப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர்)



துப்பாக்கி என்றாலே நமக்கெல்லாம் சினிமாதான் ஞாபகம் வரும். கதாநாயகன் இடுப்பிலிருந்து உருவுவான், கணக்கில்லாமல் சுடுவான், ஒரு தடவைகூட அது சிக்கிக்கொள்ளாது. வில்லன் கையில் இருப்பது மட்டும் கடைசி ரீலில் 'டிக்' என்று வெறும் சத்தம் போடும்! சரி, அந்தத் துப்பாக்கியை முதன்முதலில் சுட்டுப் பார்த்தவர் யார்? எத்தனை தடவை சுட்டார்? எந்தெந்தப் பக்கமாகக் கீழே போட்டுப் பார்த்தார்? இதை எந்தப் படத்திலும் காட்டியதில்லை. காட்டினாலும் நாம் டிக்கெட் எடுத்துப் போகமாட்டோம் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த ஆள் நம்ம ஆள், நண்பர்களே. வரைபடம் போடுபவர் விஞ்ஞானியாக இருக்கலாம். வெளியீட்டு விழாவில் மாலையோடு நிற்பவர் மந்திரியாக இருக்கலாம். குழலின் உள்விட்டத்தை கேஜ் போட்டுப் பார்ப்பவரும், எத்தனையாவது குண்டில் சிக்கியது என்று தாளில் எழுதுபவரும் பெரும்பாலும் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ படித்தவர்தான். படைக்கலத் தொழிற்சாலைகளில் சார்ஜ்மேன் என்ற பதவிக்கு டிப்ளமோதான் தகுதியாக இருந்து வந்தது. நம் சீனியர்கள் அப்ரண்டிஸ் மனு போடுகிற திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல் தொடங்கியது. 2021 அக்டோபரிலிருந்து அது ஒரு புதிய அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 2019-ல் தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று ஒன்றும் தொடங்கி வைத்தார்கள். நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் அந்த மேசையில் உட்காரப் போகிறோம். அதனால்தான் இந்தத் தலைப்பு.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "நெய்யற வீட்டுப் பிள்ளைக்கு எதுக்குடா துப்பாக்கி?" நியாயமான கேள்விதான். எனக்கும் துப்பாக்கிமேல் ஆசை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு போலீஸ்காரர் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் ஏறுகிறார். சுடச் சொன்னால் சுடாத துப்பாக்கியால் அவருக்கு ஆபத்து. சுடச் சொல்லாமலே சுடுகிற துப்பாக்கியால் பக்கத்தில் நிற்கிற நமக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சோதனைத் தாள் ஒன்றுதான்.

புதிதாக வருகிற கைத்துப்பாக்கிகள் எல்லாம் சின்னதாகிக்கொண்டே வருகின்றன. அளவைக் குறைத்தால் ஆச்சு, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். அங்கேதான் வம்பு! ஒவ்வொரு குண்டு போனதும் மேலே இருக்கிற ஸ்லைடு பின்னால் ஓடி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக் குழலில் ஏற்ற வேண்டும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள். துப்பாக்கியைக் குட்டையாக்கினால் ஸ்லைடின் எடை குறையும். எடை குறைந்தால் வேகமாக ஓடும். ஓடுவதற்கோ இடம் குறைவு. அதை நிறுத்தக் கெட்டியான ஸ்பிரிங் போடணும். கெட்டி ஸ்பிரிங் போட்டால் திரும்பி வருகிற வேகமும் கூடும். அதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி முடித்திருக்க வேண்டும். பிடிக்கிறவரின் மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்திருந்தால் ஸ்லைடு பாதி வழியிலேயே திரும்பிவிடும். குழல் குட்டையானதால் மருந்து முழுதாக எரியாமல் வாயில் தீப்பிழம்பாக வரும், குண்டின் வேகமும் குறையும்.

குறி பார்ப்பதும் அப்படித்தான். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 15 செ.மீ. என்றால், கை 1 மி.மீ. தவறினால் 25 மீட்டரில் குண்டு 16.7 செ.மீ. தள்ளிப் போகும். இடைவெளி 12 செ.மீ. ஆனால் 20.8 செ.மீ. தள்ளிப் போகும். ஒத்த முக்கோணம்தான், பத்தாவது கணக்கு!

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2014 ஜனவரியில் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற சின்ன ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியம் கலப்பு உலோகம், எடை சுமார் 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பத்திரிகைகளில் அந்தப் பெட்டியைப் பற்றியும் விலையைப் பற்றியும்தான் பேச்சு. எத்தனை குண்டு சுட்டுப் பார்த்தார்கள் என்று கேட்டவரை நான் படித்த செய்திகளில் காணவில்லை.

அடுத்தது 'அஸ்மி'. இதைத்தான் நாம் உட்கார்ந்து படிக்கணும். புனேயிலுள்ள ஆயுத ஆராய்ச்சி நிலையமும் மாவ் நகரிலுள்ள காலாட்படைப் பள்ளியும் சேர்ந்து செய்த 9 மி.மீ. மெஷின் பிஸ்டல். 2021 ஜனவரியில் அறிவித்தார்கள். மேல் பாகம் விமான அலுமினியம், கீழ் பாகம் கார்பன் ஃபைபர், டிரிகர் உள்ளிட்ட சில பாகங்கள் முப்பரிமாண அச்சில் செய்த உலோகம். எடை 2 கிலோவுக்குள், விலை 50,000 ரூபாய்க்குள். எல்லாவற்றையும்விட, நாலே மாதத்தில் உருவானது என்பதுதான் தலைப்புச் செய்தி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாலு மாதத்தில் சுட்டது 300 குண்டுக்குக் கொஞ்சம் மேலே என்று அதே செய்தியில் கீழே ஒரு வரி இருந்தது. ராணுவத்தின் வடக்குப் பிராந்தியத்துக்கு 550 அஸ்மி வாங்க ஆர்டர் போனது 2024-ல். செய்தது ஐதராபாத்திலுள்ள ஒரு தனியார் கம்பெனி. நாலு மாதத்தில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போக மூணு வருஷம்! டெண்டர், பேப்பர், சோதனை எல்லாம் அதில் சேர்த்தி. "நம்ம நாட்டில் எல்லாமே லேட்" என்று சலித்துக்கொள்கிறோம். சோதனைக்காக ஆன தாமதத்தை நான் தாமதக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஏன் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் அந்நாட்டு ராணுவம் சிக் சாவர் கம்பெனியின் பி320 என்ற பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. பெரிய சைஸுக்கு எம்17 என்று பெயர், குட்டித் தம்பிக்கு எம்18. கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தம் போட்ட பிறகும் சோதனையை விடவில்லை. சோதனைகளை மேற்பார்வையிட அவர்கள் பாதுகாப்புத் துறையில் தனி அலுவலகமே உண்டு. அதன் அறிக்கை 2018 ஜனவரியில் வந்தது. உலோக உறை போட்ட வழக்கமான தோட்டாவில், பெரிய பிஸ்டல் சராசரியாக 343 குண்டுக்கு ஒரு முறை தடைபட்டிருக்கிறது. சின்னது 197 குண்டுக்கே தடைபட்டிருக்கிறது. நான் மேலே சொன்ன ஸ்பிரிங் கதை மட்டும் இல்லை, பிடிக்கிறவர் விரல் ஸ்லைடை நிறுத்தும் கொக்கியில் படுவதும் ஒரு பெரிய காரணம் என்று எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு காரணம் வரைபடத்தில் வராது. மனுஷன் கையில் கொடுத்துச் சுடச் சொன்னால்தான் வரும்.

அதைவிடப் பயங்கரம் கீழே போட்டுப் பார்த்த சோதனை. குண்டு இல்லாமல் பிரைமர் மட்டும் உள்ள தோட்டாவை ஏற்றிக் கீழே விட்டார்கள். விழுந்ததும் பிரைமர் வெடித்துவிட்டது. டிரிகரை யாரும் தொடவே இல்லை! பஸ் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோமே, அதே நியூட்டன்தான். துப்பாக்கி பின்பக்கமாகத் தரையில் மோதி நிற்கிறது, ஆனால் டிரிகர் தன் எடையால் தொடர்ந்து பின்னால் போகிறது. யாரோ இழுத்த மாதிரி! ராணுவத்துக்கான பிஸ்டலில் டிரிகர் பாகங்களை எடை குறைத்துச் சரி செய்தார்கள். கடையில் விற்ற பிஸ்டலோ பழையபடியே இருந்தது. 2017 ஆகஸ்டில் வெளி ஆட்கள் சிலர் அதைத் தாங்களே கீழே போட்டுப் பார்த்து, குறிப்பிட்ட ஒரு சாய்கோணத்தில் விழுந்தால் சுடுகிறது என்று காட்டினார்கள். அதன் பிறகே அந்த மாதம் 8-ஆம் தேதி, வாங்கியவர்களுக்கெல்லாம் மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த பிஸ்டல் சோதனையில் 'பாஸ்' ஆனதுதான். அங்குள்ள தொழில் தர விதிப்படி ஆறு நிலைகளில் கீழே போடணும். ஆறிலும் பாஸ். வெடித்த கோணம் அந்த ஆறில் இல்லை. யாரும் பொய் ரீடிங் எழுதவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில்தான். கேட்காத ஒரு கேள்வி தரையில் காத்துக்கொண்டிருந்தது.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள் நம் வீடுகளில். சாம்பிளிங் என்பதை இதைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் துப்பாக்கிக் குழலுக்கு அது பொருந்தாது. லண்டனில் 1637 முதலே துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்துக்குச் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரம் உண்டு. இன்றும் ஐரோப்பிய விதிப்படி ஒவ்வொரு துப்பாக்கியையும் தனித்தனியே, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்க்கணும். 9 மி.மீ. தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் 2,350 பார். சோதனைத் தோட்டாவில் அதைவிட 30 சதவீதம் கூடுதல். லாரி டயரில் இருப்பது 8 பார் அளவுதான், ஒப்பிட்டுப் பாருங்கள்! நம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும், துப்பாக்கி செய்வதற்கு மட்டும் இல்லை, சோதித்துப் பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேணும் என்கிறது. செய்வதும் சோதிப்பதும் சட்டத்துக்கு ஒரே எடை.

நான் பிஸ்டலைத் தொட்டதில்லை. என்.சி.சி. கேம்ப்பில் .22 ரைஃபிள்தான் சுட்டிருக்கிறேன். குப்புறப் படுத்து ஐந்து குண்டு. நடுவில் ஒன்று பட்டுவிட்டால் துள்ளிக் குதிப்போம். ஹவில்தார் சிரிக்கவே மாட்டார். "ஒண்ணு நடுவுல பட்டா அதிர்ஷ்டம். அஞ்சும் ஒரே இடத்துல படட்டும், அது ஓரமா இருந்தாலும் பரவாயில்ல, குறியை நான் திருத்தித் தர்றேன்" என்பார். மெட்ராலஜி பேப்பரில் பிரசிஷன், அக்யூரசி என்று இரண்டு மார்க் கேள்வி வருமே, அது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. சொசைட்டியில் சேலை போடும்போது பத்தில் ஒன்றை எடுத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் மேசையில் விரித்துப் பார்ப்பார்கள். கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் சேர்கிற இடத்தை அப்பாவே வீட்டில் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். "நான் இழுக்காம விட்டா அவங்க இழுப்பாங்க. அவங்களும் விட்டா கல்யாணத்துல பொண்ணு இழுப்பா" என்பார். ஜரிகையையும் நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தறியில் ஏற்றுவார். செய்தவரே தன் பொருளைக் கெடுத்துப் பார்க்கிற துணிச்சல் அது.

இப்போது நம் லேபுக்கு வாருங்கள். ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் ஒரு அதிசயம் தெரியும். மைல்டு ஸ்டீல் ராடு போன வருஷமும் அதே லோடில் முறிந்தது, இந்த வருஷமும் அதே லோடில் முறிகிறது, முறிகிற இடம்கூட மாறவில்லை! வாரியத் தேர்வுக்கு வருகிறவர் புன்னகையோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அண்ணன்மார் ரெக்கார்டு தம்பிக்குப் பரம்பரைச் சொத்து. இதில் மாணவர்களை மட்டும் குறை சொன்னால் அது அநியாயம். இருபது பேருக்கு ஒரு ராடு. மெஷின் பாதி நாள் ரிப்பேர். உண்மையாக எடுத்த ரீடிங் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை என்றால் மார்க் குறையும், காப்பியடித்த ரீடிங்குக்கு முழு மார்க். இப்படி வைத்தால் எந்தப் பிள்ளைதான் உண்மை எழுதும்? மூணு வருஷம் இப்படிப் பழகிய கை, ரேஞ்சில் 197-ஆவது குண்டு சிக்கும்போது என்ன எழுதும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. "இன்னொரு தடவை சுட்டுப் பாரு, சரியா வந்தா அதை எழுதிக்கலாம்" என்று மேலே இருப்பவர் சொல்லத்தான் செய்வார்.

பேரவை ஒவ்வொரு வருஷமும் பஸ் பாஸ், கேன்டீன், ஸ்போர்ட்ஸ் டே என்று போராடுகிறது. வேண்டியதுதான். இந்த வருஷப் பட்டியலில் மூன்றைச் சேர்க்கணும் என்பது என் கருத்து. ராக்வெல் மெஷினுக்கு இன்டென்டர் வாங்கித் தரவேண்டும். நாலு பேருக்கு ஒரு ராடாவது தரவேண்டும். புத்தகத்தோடு ஒத்துவராத ரீடிங்கை, காரணம் எழுதியிருந்தால், மார்க் குறைக்காமல் ஏற்க வேண்டும். மூன்றாவதுக்குப் பைசா செலவில்லை. ஆனால் அதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரின்ஸிபாலுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் சிவில் துறையினர் மூவர். கான்கிரீட் கியூப் விஷயத்தில் தங்கள் நிலையும் இதுதான் என்றார்கள். மீதிப் பேர் மதிய உணவு நேரத்தில் மெக்கானிக்கல் பிளாக் மாடிப்படி அருகே வரலாம். பேனா என்னிடம் இருக்கிறது.