வெறுமையிலும் ஜெபித்தவர்

“கோயிலுக்குப் போகிறேன், ஆனால் ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை. இது நடிப்பு இல்லையா?” பாகான் டாலாம் பக்கம் சில இளைஞர்கள் இப்படிக் கேட்கிறார்கள். பிறையில் இரவு ஷிப்ட் முடித்து, ஞாயிறு காலை கண்ணெரிச்சலோடு பூசைக்கு வருகிறவர்கள் அவர்கள்.

அன்னை தெரேசாவிடமும் இதே கேள்வி இருந்தது. 1950-இல் கொல்கத்தாவில் துறவற சபை தொடங்கியவர் அவர். ஏறக்குறைய அந்தக் காலம் முதல் 1997-இல் இறக்கும்வரை, இடையில் சில வாரங்கள் தவிர, கடவுள் அருகில் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எரித்துவிடச் சொன்ன கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோது உலகத்துக்கு இது பரவலாகத் தெரிந்தது. 'அப்படியானால் அந்தப் புன்னகை வேஷமா?' என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உணர்வு வற்றியபோதும் அவர் ஜெபத்தை விடவில்லை, நோயாளிகளையும் விடவில்லை. நோபல் பரிசு வாங்கிய 1979-இலும் உள்ளே அதே வெறுமைதான்!

ஆனால் அதைத் தனியாகச் சுமக்கவில்லை. நம்பகமான குருக்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். நீங்களும் பங்குத்தந்தையிடம் மனம்விட்டுப் பேசலாம், தப்பில்லை. 1960-களின் தொடக்கத்தில் யோசேப்பு நாய்னர் என்ற இயேசு சபை குரு, இந்த இருளும் உங்கள் பணியின் ஒரு பகுதியே என்று அவருக்கு விளக்கினார். இருள் விலகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்.