கறுப்புப் பட்டை போட்டால் ரகசியம் மறைந்துவிடுமா?

பேப்பரில் ஒரு வரியை மை பூசி அடித்தால் அதோடு அது போச்சு. கம்ப்யூட்டரில் அடித்தால்? போகாது சார், போகாது! கறுப்புப் பட்டைக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

இது தெரியாமல் அமெரிக்காவில் பெரிய பெரிய வக்கீல்களே மூக்கறுபட்டார்கள்.

வக்கீல்கள் திண்டாட்டம்

2016-ம் ஆண்டு டிரம்பின் தேர்தல் பிரசாரக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் பால் மானபோர்ட். அவருடைய வழக்கில் 2019 ஜனவரி 8-ந் தேதி வக்கீல்கள் வாஷிங்டன் கோர்ட்டில் ஒரு பதில் மனு போட்டார்கள். அது பி.டி.எப். கோப்பு. வெளியே தெரியக்கூடாத வரிகள் மீது கறுப்புப் பட்டை போட்டிருந்தது.

நிருபர்கள் சும்மா இருப்பார்களா? மவுசை இழுத்தார்கள். காப்பி எடுத்தார்கள். வேறு பக்கத்தில் ஒட்டினார்கள். எல்லா வரியும் பளிச்சென்று வந்து நின்றது! தேர்தல் கருத்துக்கணிப்பு விவரங்களை கிலிம்னிக் என்பவரிடம் கொடுத்தது பற்றி மானபோர்ட் பொய் சொன்னார் என்ற அரசு தரப்புக் குற்றச்சாட்டு உலகத்துக்கே அம்பலமாகிவிட்டது.

காரணம் ரொம்ப சுலபம். பி.டி.எப்.பில் எழுத்து ஒரு அடுக்கு. மேலே வரைகிற கறுப்புக் கட்டம் இன்னொரு அடுக்கு. சோற்றுப் பானையைத் தட்டால் மூடினால் சோறு காணாமல் போகுமா?

காட்டிக் கொடுத்த பிளாப்பி

அமெரிக்காவின் விச்சிடா வட்டாரத்தில் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்ற ஆசாமி டென்னிஸ் ரேடர். பல வருஷம் போலீசுக்குத் தண்ணி காட்டினான். 2005 பிப்ரவரியில் டி.வி. நிலையம் ஒன்றுக்கு பிளாப்பி டிஸ்க் அனுப்பினான்.

அதில் அவன் அழித்துவிட்ட ஒரு வேர்டு கோப்பை போலீசார் தோண்டி எடுத்தார்கள். கடைசியாக அதைத் திருத்தியவர் "டென்னிஸ்" என்றும், ஒரு சர்ச்சின் பெயரும் அதில் பதிவாகி இருந்தது. அதே மாதம் 25-ந் தேதி கையில் விலங்கு!

கொலைகாரன் மாட்டியது நல்லதுதான். ஆனால் அதே ஞாபகசக்தி அப்பாவியையும் காட்டிக் கொடுக்குமே!

குமாஸ்தா மேல் பழி வேண்டாம்

நம் நாட்டில் 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு என்ன சொல்கிறது? கொடுக்கக்கூடாத பகுதியை மட்டும் பிரித்து நீக்கிவிட்டு மீதியைக் கொடு என்கிறது. அந்த 'நீக்குவது' வெறும் கறுப்புப் பட்டையாக இருந்தால் என்ன ஆகும்? ரவுடி மேல் புகார் கொடுத்தவரின் பெயர் அந்த ரவுடி கைக்கே போகும்.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை ஜெயில். பட்டைக்கு அடியில் பெயர் இருந்தால் அது மறைத்ததாகுமா?

"நான் மறைத்துத்தானே அனுப்பினேன்" என்பார் குமாஸ்தா. அவர் சொல்வது நியாயம். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கம்ப்யூட்டர் வாங்கிப் போட்ட மேலதிகாரிதான் இதற்குப் பொறுப்பு.

வழி இருக்கிறது

அடோப் அக்ரோபாட் புரோவில் 'ரிடாக்ட்' என்று தனி வசதி உண்டு. குறி வைத்தால் மட்டும் போதாது. 'அப்ளை' கொடுத்தால்தான் எழுத்து நிஜமாக ஒழியும். காசு இல்லையா? இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீசில் 2019 முதல் அந்த வசதி இருக்கிறது. வேர்டு கோப்பா? அனுப்பும் முன் 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' கொடுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் பெயர், குறிப்பு எல்லாம் தெரியும், அங்கேயே நீக்கலாம்.

எதுவும் வேண்டாம் என்றால் பழைய ஜெராக்ஸ் கடை வித்தை போதும். பேப்பரில் அச்செடுத்து, அந்த வரி மேல் கனமான துண்டுக் காகிதம் ஒட்டி, திரும்ப ஸ்கேன் செய்யுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை. பட்டை மேல் மவுசை இழுத்து, காப்பி எடுத்து ஒட்டிப் பாருங்கள். எழுத்து வந்தால் அனுப்பாதீர்கள்.

அரை நிமிஷ வேலை. ஒவ்வொரு ஆபீசிலும் இதைக் கட்டாயமாக்க அதிகாரிகள் உத்தரவு போட வேண்டும். புகார் கொடுத்தவன் வீட்டு வாசலில் அரிவாள் வந்து நின்ற பிறகு விசாரணைக் கமிஷன் வைத்து என்ன பிரயோஜனம்?