சரீர சுகம்: தாடையின் கீழே ஒரு வீக்கம்



சென்னை அம்பத்தூரில் குடியிருக்கும் ஒரு சகோதரி எழுதிய கடிதத்துக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். அவருடைய தாயார் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்துக் குளத்தூரில் இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. ஆறு மாதமாக வலது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம். சாப்பிட உட்கார்ந்தால் பெரிதாகி வலிக்கிறது. சற்று நேரத்தில் வற்றிவிடுகிறது. "சபையில் மூன்று உபவாச ஜெபம் நடத்தியாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனால் புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார்கள். நான் என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார்.

நமது வாயில் உமிழ்நீரைச் சுரப்பதற்கென்று மூன்று ஜோடி பெரிய சுரப்பிகள் உள்ளன. காதின் முன்புறம் ஒன்று, நாவின் கீழ் ஒன்று, கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில் ஒன்று. இந்த மூன்றாவதுதான் தாடையடிச் சுரப்பி. நாம் உண்ணாமல் சும்மா இருக்கும் வேளையில் வாயை ஈரமாக வைக்கும் உமிழ்நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதிலிருந்தே வருகிறது. அந்நீர் சுமார் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாக நாக்கின் அடியில் வந்து சேருகிறது. 1656-ஆம் ஆண்டில் இதை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் பெயராலேயே இக்குழாயை இன்றும் அழைக்கிறார்கள்.

இந்தக் குழாய் கீழிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. இச்சுரப்பியின் நீரோ கொழகொழப்பானது, சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஆகவே மற்றச் சுரப்பிகளைவிட இதிலே கல் உண்டாவது எளிது. உமிழ்நீர்க் கற்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்தச் சுரப்பிக்கே உரியவை. கல் வழியை அடைத்திருக்கையில் உணவின் வாசனை பட்டாலே நீர் ஊறுகிறது. வெளியேற வழியின்றிச் சுரப்பி புடைக்கிறது. பின்பு மெல்லக் கசிந்து வற்றுகிறது. சகோதரி எழுதியுள்ள அடையாளம் இதற்குப் பெரிதும் பொருந்துகிறது. ஆனாலும் கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது.

நம்மவர்களுக்கு இதில் விசேஷமாய்ச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. தண்ணீரும் அருந்தாத நீண்ட உபவாசத்தில் உமிழ்நீர் குறைந்து, கெட்டியாகித் தேங்குகிறது. கல் உள்ளவருக்கு உபவாசம் முடித்து உண்ணும் முதல் கவளத்திலேயே வலி வெட்டியிழுக்கும். உபவாசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வீக்கம் உள்ளவர்கள் தண்ணீர் குடித்தாவது உபவாசிக்கலாம் அல்லவா? நகரங்களில் வெயிலில் கட்டட வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். சில அலர்ஜி மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் வாயை உலர்த்தும். ஆனால் அவற்றைத் தாமாக நிறுத்தலாகாது.

தாடைக்குக் கீழுள்ள வீக்கம் எல்லாம் கல்லும் அல்ல. பிள்ளைகளுக்கு வரும் முண்டிநீர் பெரும்பாலும் காதின் முன்புறச் சுரப்பியைத் தாக்கினாலும் சிலசமயம் இதையும் வீங்கச்செய்யும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் அதற்குப் பொன்னுக்குவீங்கி என்று பெயர். கழுத்தில் பொன்சங்கிலி போட்டால் வற்றும் என்பது பழைய நம்பிக்கை. நகை அணியாத நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது ஏறக்குறைய ஒரு வாரத்தில் வற்றத்தான் செய்கிறது! மற்றொன்று நெறிகட்டு. பல், ஈறு, நாக்கு இவற்றில் புண் இருந்தால் அதே இடத்தில் நெறிகட்டும்.

இங்கேதான் நான் சற்று நிற்கவேண்டியிருக்கிறது. வலியில்லாமல், உணவோடு ஏறி இறங்காமல், கல்லைப்போல் கடினமாய் மெல்ல வளரும் கட்டியே அதிக கவனத்துக்குரியது. வலியில்லையே என்று ஆறுதல்படுகிறோம். அது தவறான ஆறுதல். இந்தச் சுரப்பியில் உண்டாகும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கக்கூடும். நாவில் மரமரப்பு, உதட்டின் ஓரம் கோணுதல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. வாய்ப்புற்று பரவி அங்கே நெறிகட்டுவதும் உண்டு. நம் பகுதிக்கு இது புதிய செய்தியல்ல. 1838-இல் மிஷனெரி மருத்துவப்பணி தொடங்கிய நெய்யூரிலிருந்து டாக்டர் பென்டால் 1908-இல் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப்பற்றி எழுதினார். 1933-இல் அங்கே பணியாற்றிய டாக்டர் ஓர் வாய்ப்புற்றை வெற்றிலை முறுக்கானோடு தொடர்புபடுத்தி எழுதினார். நம்முடைய தாய்மார் பலர் ஞானஸ்நானத்தோடு முறுக்கானை விட்டவர்கள். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் முப்பது வருஷம் புகையிலை கண்ட வாயில் ஆபத்து குறையுமேயன்றி உடனே அற்றுப்போவதில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகளில் 1996 முதல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச்சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவே. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையவர்களில், அப்படிப் பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்தது என்று 2005-இல் வெளியிட்டார்கள். வாயைத் திறந்து காட்டுவதற்கு நாம் ஏன் பயப்படவேண்டும்?

இனி அந்தத் தாயாருக்கு. மருந்தைத் தொடுவதில்லை என்று தீர்மானித்த விசுவாசிகள் நம்மில் உண்டு. அவர்கள் மனச்சாட்சியை நான் நியாயந்தீர்க்கவில்லை. ஆயினும் எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டித் தரப்படும் என்று அறிவித்த அதே ஏசாயாதான், அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். ஜெபமும் பற்றும் அங்கே ஒன்றையொன்று தள்ளவில்லை. பரிசோதனை என்பது சிகிச்சையும் அல்ல. இருப்பது இன்னதென்று அறிவது. எதற்காக ஜெபிக்கிறோம் என்று தெரிந்து ஜெபிக்கலாமே.

மருத்துவர் முதலில் கையுறையணிந்த விரலை நாவின் கீழும் மறுகையைத் தாடைக்கு வெளியேயும் வைத்துத் தடவிப் பார்ப்பார். கல் பலவேளை விரலுக்கே அகப்படும். பிறகு எக்ஸ்ரே, ஐந்தில் ஒரு கல் அளவுக்கு அதில் தெரியாமற்போவதால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுப்பார்கள். கட்டியாயிருந்தால் மெல்லிய ஊசியால் சில அணுக்களை உறிஞ்சிச் சோதிப்பார்கள். ஊசி குத்தினால் புற்று பரவும் என்று ஊரில் சொல்வார்கள். இந்த மெல்லிய ஊசிக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. சோதனைக்கு முன்னே வெளியிலிருந்து கீறிப் பார்ப்பதுதான் கூடாதது.

சிறிய கல்லானால் நிறையத் தண்ணீர், நாவில் எலுமிச்சைத் துளி, சுரப்பியைப் பின்னிருந்து முன்னாகத் தடவிவிடுதல் இவற்றாலேயே வெளிவந்துவிடக்கூடும். சீழ் பிடித்தால் ஆன்டிபயாட்டிக் தேவை. குழாயின் முன்பக்கத்துக் கல்லை வாய்க்குள்ளேயே சிறிதாகக் கீறி எடுத்துவிடலாம். நுண்ணிய குழல் காமிரா செலுத்தி எடுக்கும் வசதியும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. கல் உள்ளே ஆழமாயிருந்து அடிக்கடி பழுத்தால், அல்லது கட்டியாயிருந்தால், சுரப்பியையே அகற்றுவார்கள். உதட்டை அசைக்கும் நரம்பு அருகே ஓடுவதால் தாடையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் கீறுவது வழக்கம். ஒரு பக்கச் சுரப்பி போனாலும் மற்றவை ஈடுசெய்யும்; வாய் பெரும்பாலும் வறண்டுபோகாது.

இதற்காகத் தாயாரைச் சென்னைக்கு ரயிலேற்றவேண்டிய அவசியமில்லை. பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியிலோ நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியிலோ முதலில் காட்டலாம். அங்கிருந்து அனுப்பினால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். புற்று என்ற சந்தேகம் எழுந்தால் அதே வளாகத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட ரீஜினல் கேன்சர் சென்டர் இருக்கிறது. சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை வருஷம் முறுக்கான் போட்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்று மாத்திரம் காத்திராதது. காய்ச்சலோடு தாடையின் இருபுறமும் கெட்டியாய் வீங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, எச்சில் விழுங்க முடியாமல், பேச்சு குழறி, மூச்சு முட்டினால் அது பெரும்பாலும் சொத்தைப் பல்லிலிருந்து வாயின் அடித்தளமெங்கும் பரவிய சீழ்நோய். சில மணி நேரத்தில் மூச்சுவழி அடைபடலாம். நடு இரவானாலும் ஊழியருக்குத் தொலைபேசியில் சொல்லி ஜெபிக்கக் கேட்டுக்கொண்டே, நோயாளியைப் படுக்கவைக்காமல் உட்காரவைத்து வண்டியில் ஏற்றுங்கள்.