வெண்மைக்குக் கூச்சம் விலையா?

 

நிக்காஹ் நாள் குறித்தவுடன் மணவீட்டார் போடும் செலவுப் பட்டியலில் அண்மைக் காலமாகப் புதியதொரு இனம் சேர்ந்துள்ளது. பல் மருத்துவரிடம் சென்று, நீல நிற ஒளி பாய்ச்சிப் பற்களை வெண்மையாக்கிக் கொள்வதே அது. பெருநகரத்தாருக்கு மட்டும் உரியதாயிருந்த இவ்வழக்கம், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஆவூர் போன்ற ஊர்களில் வாழ்வோருக்கும் இன்று எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார்கள்; முடிந்தும் விடுகிறது. அதன்பின் வரும் கூச்சத்தைப் பற்றித்தான் எவரும் முன்கூட்டிப் பேசுவதில்லை.

குளிர்ந்த நீர் பட்டவுடன், சிலருக்கு மூச்சுக் காற்று பட்டாலும்கூட, மின்னல் வெட்டியதுபோல் ஒரு வலி பல்லினுள் ஓடும். பெருநாளுக்கு அழகாகத் தோன்ற வேண்டுமென்று ரமலானின் இறுதி நாள்களில் இதைச் செய்துகொண்டவர், இஃப்தார் வேளையில் நன்னாரி சர்பத்தையும் சூடான நோன்புக் கஞ்சியையும் ஒருசேர அஞ்ச வேண்டியிருக்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாள்களில், சிலருக்குச் சில நாள்கள் கழித்து, இவ்வலி தணிந்துவிடுகிறது. எனினும், நோயில்லாத பல்லுக்கு நாமே வருவித்துக்கொள்ளும் வலி என்பதால் இதன் காரணத்தை அறிந்துகொள்வது நம் கடமையாகிறது.

பல்லின் மேலுறையான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதனடியில் இளமஞ்சள் நிறமுடைய டென்டின் என்னும் பகுதி இருக்கிறது. அதில் கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்குழல்கள் உள்ளன. அதற்கும் உள்ளே இரத்த நாளங்களும் நரம்பும் அடங்கிய பற்கூழ். வெண்மையாக்கத்திற்கு மருத்துவர்கள் பூசும் பசையில் பெரும்பாலும் 25 முதல் 40 விழுக்காடு வரை ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். அது எனாமலையும் டென்டினையும் ஊடுருவிச் சில நிமிடங்களிலேயே பற்கூழை எட்டிவிடுகிறது. நிறமிகளைச் சிதைக்கும் அதே வேதிப்பொருள் நரம்பையும் உறுத்துகிறது. கூச்சத்தின் முதன்மையான காரணம் இதுவே.

அவ்வாறாயின் ஒளியின் பங்கு என்ன? பசையின் வினையை ஒளி விரைவுபடுத்தும் என்பது விளம்பரங்களின் வாதம். பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கிய மீளாய்வுகளோ, செறிவு மிகுந்த பசையைப் பயன்படுத்தும்போது ஒளியால் நிலையான கூடுதல் வெண்மை கிடைப்பதாகக் காட்டவில்லை; கூச்சம் மிகக்கூடும் என்றே அவற்றுள் சில எச்சரிக்கின்றன. சில வகை விளக்குகள் பல்லைச் சூடாக்கவும் செய்யும். பற்கூழின் வெப்பநிலை உயர்வது அதற்கு ஊறு செய்யும் என்பதைச் சாக்கும் கோகனும் 1965இல் குரங்குகளின் பற்களைக் கொண்டு செய்த ஆய்வில் காட்டினர். சுமார் 5.5 பாகை செல்சியஸ் உயர்வுக்கே அவ்வாய்வில் ஒரு பகுதிப் பற்களின் கூழ் மீளாப் பாதிப்படைந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிகிச்சை முடிந்தவுடன் கண்ணாடியில் தெரியும் வெண்மை முழுவதும் நிலைத்ததன்று. வாயை நெடுநேரம் திறந்து வைத்து உலர்த்துவதால் பல் ஈரமிழந்து, இருப்பதைவிட வெளுத்துத் தோன்றும். உமிழ்நீர் பட்டு ஓரிரு நாள்களில் அத்தோற்றம் குறையும். எஞ்சிய வெண்மையும் காலப்போக்கில் மங்கும். மங்கியபின் மீண்டும் அதே பசை, அதே விளக்கு, அதே கூச்சம்!

பல்லின் மஞ்சள் எல்லாம் ஒன்றன்று என்பதையும் அறிய வேண்டும். தேநீர், வெற்றிலை, புகையிலை ஆகியவற்றின் கறை பெரும்பாலும் மேற்பரப்பில் படிந்தது. பல் மருத்துவர் செய்யும் வழக்கமான சுத்திகரிப்பிலேயே அதில் பெரும்பகுதி அகன்றுவிடும். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து, உள்ளிருக்கும் டென்டினின் நிறம் வெளிப்படுவது இயற்கை. தருமபுரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் உள்ளதுபோல் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால் உண்டாகும் பழுப்புக்கறை வேறு வகை. அதற்கான சிகிச்சையும் வேறு. இவற்றைப் பிரித்தறியாமல் எல்லோருக்கும் ஒரே விளக்கைக் காட்டுவது மருத்துவமாகாது, வணிகமே.

மார்க்கம் அழகை மறுக்கவில்லை. அல்லாஹ் அழகன், அழகை விரும்புபவன் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். வாய்த் தூய்மையை அவர்கள் வலியுறுத்திய அளவு வியப்புக்குரியது. சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அதே வேளையில், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக் கொள்வோர் மீதான கடும் கண்டனமும் அவ்விரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. வெண்மையாக்கம் பல்லின் வடிவை மாற்றுவதில்லை. ஆதலால் அது அந்தத் தடைக்குள் வராது, தீங்கு இல்லாதவரை கூடும் என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. “தீங்கு இல்லாதவரை” என்னும் அந்த நிபந்தனையில்தான் நம் பொறுப்பு அடங்கியிருக்கிறது. தனக்கும் பிறருக்கும் தீங்கிழைத்தல் கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இங்கே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தானே விரும்பி, தீர விசாரித்து, வெண்மையாக்கம் செய்துகொள்பவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், மாப்பிள்ளை வீட்டார் புகைப்படத்தைப் பார்த்து “பல் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறதே” என்று சொன்ன ஒரு சொல்லுக்காக, ஒரு பெண் அந்த நாற்காலியில் போய் அமர்கிறாள் என்றால், அவளுடைய பற்கூச்சத்தில் நம் அனைவருக்கும் பங்குண்டு. மஹரைப் பேசவும் மார்க்கப் பற்றை விசாரிக்கவும் வேண்டிய அவையில் பல்லின் நிறத்தைப் பேசுபொருளாக்கியவர்கள் நாம்தாம். அந்தச் சொல்லைச் சொல்லாமல் நாவைக் காப்பதற்குச் செலவேதும் இல்லை.

செய்துகொள்வதென்றே முடிவெடுத்தவர்கள் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். சொத்தை, விரிசல், ஈறு இறக்கம் உள்ளனவா என்று முதலில் பரிசோதித்தார்களா? பசையின் செறிவு எவ்வளவு? ஒளியின்றியே செய்ய இயலுமா? செறிவு குறைந்த பசையை வீட்டிலேயே பல நாள்கள் பயன்படுத்தும் முறை தமக்குப் பொருந்துமா? அடைத்த பல்லும் செயற்கைப் பல்லும் வெளுக்காது என்பதைச் சொன்னார்களா? ஏற்கெனவே கூச்சம் உள்ளவர்கள் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையை முன்கூட்டியே பயன்படுத்துவது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தள்ளிப்போடுவதே நலம். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் வகுத்த விதியின்படி, 0.1 விழுக்காட்டுக்கு மேல் பெராக்சைடு கொண்ட வெண்மையாக்கும் பொருள்களை 18 வயதுக்குக் குறைந்தோருக்குப் பயன்படுத்தலாகாது. 6 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அழகுப் பொருள்களாக அனுமதிக்கப்படுவதே இல்லை. நம் பிள்ளைகளை அழகு நிலையங்களுக்கு அனுப்பும் முன் இவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூச்சம் வந்துவிட்டால், மிகுந்த சூடு, குளிர்ச்சி, புளிப்பு ஆகியவற்றைச் சில நாள்கள் தவிர்க்க வேண்டும். எலுமிச்சையும் கரித்தூளும் கொண்டு தேய்த்து “மிச்சக் கறையை” எடுக்க முயல்வது எனாமலை மேலும் அழிக்கும். போன எனாமல் மீண்டும் வளராது. வலி நீடித்தாலோ, ஒரே பல்லில் மட்டும் தங்கினாலோ தாமதியாமல் மருத்துவரைக் காண வேண்டும். புதுக்கோட்டையிலேயே 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. விளம்பரத்தை நம்புவதைவிட, அங்குள்ள மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்பது மேல்.

இளமஞ்சள் கலந்த வெண்மையே ஆரோக்கியமான பல்லுக்கு அல்லாஹ் அளித்த நிறம். அதைத் தூய்மையாக வைத்திருப்பது சுன்னத். அதற்கு அப்பால் உள்ள வெண்மை விருப்பத்தைப் பொறுத்தது. விருப்பத்தைக் கட்டாயமாக்கி எந்தப் பிள்ளையையும் வலிக்கு ஆளாக்காதிருப்போமாக. அல்லாஹ் மிக அறிந்தவன்.