வெந்நீர் யாருக்கும் சும்மா வருவதில்லை

போன தை மாசம் பேரனை லாஸ்பேட்டையில் கொண்டுபோய் விட்டோம். மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. தலைப்பிரசவம் எங்கள் வீட்டில், வானூர் பக்கத்துக் கிராமத்தில். மூணாம் மாசம் பிள்ளையை அதன் அப்பா வீட்டில் சேர்த்துவிட்டு அன்று ராத்திரி அங்கேயே தங்கினோம்.

மறுநாள் விடியற்காலை குளிக்கப் போன என் சம்சாரம் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. கதவைத் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் கேட்டாள்: "ஏங்க, இந்தத் தண்ணிக்கு யாருமே குந்திகினு அடுப்பு ஊதலியா?"

மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது. கருப்புக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக, மேலே ஒரு தொட்டி. மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "மாமா, நம்ம ஊர் வீட்லயும் ஒண்ணு போட்டுடலாம். போட்டுட்டா செலவே கிடையாது" என்றார். அவர் நல்ல மனசோடு சொன்னது. எனக்கும் ஆசைதான். ஆனால் ஊருக்கு வந்து யோசிக்க யோசிக்க, அவருக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் தெரியாதது நிறைய இருக்கிறது என்று புரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

சமையலுக்கு கேஸ் வந்தது, குளியலுக்கு வரவில்லை

டவுனில் இருப்பவர்கள் பலர், கிராமத்தில் விறகடுப்பு ஒழிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். 2016ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. எங்கள் தெருவில் கேஸ் இல்லாத வீடு இல்லை. உண்மைதான். ஆனால் மார்கழிக் காலையில் ஐந்து மணிக்கு எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். தோட்டத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு புகை. அத்தனையும் குளிக்கிற தண்ணிக்கு.

கணக்கு போட்டால் காரணம் தெரியும். 20 லிட்டர் பக்கெட் தண்ணீரை 15 டிகிரி சூடாக்க 300 கிலோ கலோரி வேண்டும். நாலு பேர் வீட்டுக்கு நாலு பக்கெட், ஒரு நாளைக்கு 1,200. இதை கேஸில் வைத்தால் குளியலுக்கு மட்டுமே ஏறக்குறைய 80 நாளுக்கு ஒரு சிலிண்டர் போய்விடும். சிலிண்டர் விற்கிற விலைக்கு எந்தக் குடியானவன் வீட்டில் அதைச் செய்வார்கள்? அதனால் சோறு கேஸில் வேகும், வெந்நீர் மூணு கல் அடுப்பில் காயும்.

"விறகு சும்மாதானே கிடைக்குது" என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். நான் சவுக்கு போடுகிறவன். மரம் லாரியில் போன பிறகு மிளாறு மிச்சமாகும். தென்னை மட்டை, கொட்டாங்குச்சி, முந்திரிச் சுள்ளி எல்லாம் உண்டு. காசு கொடுத்து வாங்குவதில்லை, வாஸ்தவம். ஆனால் பொறுக்குவது யார், கட்டித் தூக்கி வருவது யார், ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவப்பது யார்? முப்பது வருஷமாக என் வீட்டில் அது நான் இல்லை. அவளுக்கு இப்போது மழைக்காலம் வந்தால் இருமல் நிற்பதில்லை. பீடி சிகரெட் தொடாத பொம்பளைக்கு நெஞ்சில் சளி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "விறகு அடுப்பா?"

சும்மா கிடைக்கிற வெந்நீருக்கு விலை அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ராடு கதை

சுலபமான வழி என்று ஊரில் பாதிப் பேர் வாங்கியது வாட்டர் ஹீட்டர் ராடு. பக்கெட்டில் போட்டு ஸ்விட்சைத் தட்டினால் தீர்ந்தது. 860 கிலோ கலோரி ஒரு யூனிட். நாலு பக்கெட்டுக்கு ஒரு நாளைக்கு சுமாராக 1.4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 84 யூனிட். அரசாங்கம் 2016ல் ரெண்டு மாசத்துக்கு இலவசமாகத் தரத் தொடங்கியது 100 யூனிட். அதாவது ஃபேன், லைட்டு, டிவிக்கு என்று கொடுத்ததில் பெரும்பகுதியைக் குளியலறையிலேயே கரைத்துவிடுகிறோம்.

காசு போனால் போகட்டும். எங்கள் பங்காளி வீட்டில் மருமகப் பெண் ஸ்விட்சை அணைக்காமல், தண்ணீர் சுட்டதா என்று விரலை விட்டுப் பார்த்திருக்கிறாள். தூக்கி வாரிப்போட்டு சுவரில் இடித்தது. பிழைத்துக்கொண்டாள். பழைய ஒயரிங், எர்த் கிடையாது, ஈரத்தரை. இந்த மூணும் சேர்ந்த இடத்தில் ராடு வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். டவுனில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைக்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

சரி, சோலார் போட்டால் என்ன?

லாஸ்பேட்டையில் நன்றாக வேலை செய்கிற அதே பொருளை எங்கள் தெருவுக்குக் கொண்டு வாருங்கள். முதலில் அதை எங்கே வைப்பது? 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. அதோடு தொட்டி, குழாய், இரும்பு ஸ்டாண்டு. கீற்றுக் கொட்டகையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அதைத் தாங்காது. மெத்தை வீடு வேண்டும்.

அடுத்தது தண்ணீர். சோலார் ஹீட்டரில் மோட்டார் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. அழகான வித்தை. ஆனால் அதற்குப் பச்சைத் தண்ணீர் கொடுக்க, ஹீட்டருக்கும் மேலே ஒரு டேங்க் வேண்டும். எங்களில் பலர் இன்னும் தெருக்குழாயில் குடம் வைத்துப் பிடித்துக் கொண்டுவந்து ஊற்றிக் குளிக்கிறவர்கள். குளிக்கிற இடமே கீற்று மறைப்பு. போர் தண்ணீர் இருந்தாலும் உப்புத் தண்ணீர். கொஞ்ச நாளில் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்துவிடும், சுத்தம் பண்ண ஆள் புதுச்சேரியிலிருந்து வரவேண்டும்.

மூணாவது விஷயம், இந்தக் கடற்கரைப் பக்கத்து வானம். பெங்களூரில் புது வீடுகளுக்கு சோலார் ஹீட்டர் வேண்டும் என்று விதியே போட்டார்கள். அங்கே வருஷத்தில் பாதி நாள் காலையில் குளிர். நமக்கோ சித்திரை, வைகாசியில் மாடி டேங்க் தண்ணீரே கொதிக்கிறது. வெந்நீர் உண்மையில் தேவைப்படுவது ஐப்பசியிலிருந்து தை வரைக்கும். அதில் முதல் ரெண்டு மாசம் அடைமழை, சூரியன் முகமே காட்டாது. மார்கழி, தையில் சோலார் பிரமாதம். பகலில் நல்ல வெயில், ராத்திரி முழுக்கத் தொட்டி சூட்டை வைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகைக்கு வேறு வழி பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அப்போது என் பேரனுக்கு இருபத்தி நாலு நாள். மகளுக்குப் பச்சை உடம்பு. எங்கள் ஊரில் நாலு நாள் கரண்ட் இல்லை, விறகெல்லாம் ஊறிப்போய்விட்டது. லாஸ்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டு சோலாரில் பச்சைத் தண்ணீர்தான் வந்ததாம்.

எங்களைக் காப்பாற்றியது ரெண்டு. ஒன்று, பாதி காலியான கேஸ் சிலிண்டர். குழந்தைக்கு மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் அதில் காய்ந்தது. இன்னொன்று, என் அம்மா பரண்மேல் மூட்டை கட்டிப் போட்டிருந்த கொட்டாங்குச்சி. "மழைக்காலத்துக்கு வேணும்டா"ன்னு அது வருஷா வருஷம் கட்டிப்போடும். நாங்கள்தான் எலி வருதுன்னு திட்டுவோம். அந்த நாலு நாளும் மகளுக்கு வேப்பிலை, நொச்சி போட்ட வெந்நீர் அந்த மூட்டையிலிருந்துதான் வந்தது. அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டினதை இப்போது நினைத்தாலும் கண் கலங்குது.

ஒரே வழி என்று யாரும் நம்பவில்லை

எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான் ஆரோவில். அங்கே சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. வெயிலைக் குவித்து நீராவி எடுத்து, அதில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கிறார்கள். போய்ப் பார்த்து அசந்துபோனேன். அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், வெயில் போதாத நேரத்துக்கு டீசல் பாய்லரும் வைத்திருக்கிறார்கள். சூரியனை அவ்வளவு நம்புகிறவர்களே மாற்று வைத்திருக்கும்போது, கிராமத்துக்கு மட்டும் ஒரே சாமானைக் கொடுத்து "இதுதான் தீர்வு" என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

பழைய பாடமும் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974ல் அமுல்ய ரெட்டி தொடங்கிய அஸ்த்ரா அமைப்பு, தும்கூர் மாவட்டத்தில் புரா என்ற கிராமத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. சமையலுக்கு அடுத்தபடி வீடுகளில் விறகு போனது குளியல் வெந்நீருக்கு. அவர்கள் முதலில் ஊரைக் கேட்டார்கள், பிறகு அடுப்பு செய்தார்கள். 1983ல் நாடு முழுக்கப் புகையில்லா அடுப்புத் திட்டம் வந்தபோது பல இடங்களில் அவசர அவசரமாக எண்ணிக்கைக்குக் கட்டினார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று கட்டினார்கள். புகைபோக்கி அடைத்துக்கொண்டது, சரிபண்ண யாரும் வரவில்லை, அம்மா ஒரே உதையில் இடித்துவிட்டது. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன்.

உண்மையில் அம்மாவின் பழைய மண் அடுப்பே கெட்டிக்கார அடுப்பு. பக்கத்தில் கொடியடுப்பு இருக்கும். சோறு வேகிற அடுப்பில் மிஞ்சுகிற அனலில் வெந்நீர் தானாகக் காயும். கேஸ் வந்ததும் அந்த அடுப்பு போச்சு, கொடியடுப்பும் போச்சு. வெந்நீருக்கென்று தனியாக மூணு கல்லை வைத்து, முன்னைவிட அதிகமாக விறகை எரிக்க ஆரம்பித்தோம். முன்னேற்றம் இப்படியும் நடக்கும்.

நாங்கள் செய்தது

ஆடியில் ஒரு செம்பு பாய்லர் வாங்கினேன். நடுவில் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர். அடியில் போடுகிற தீ நடுக்குழாய் வழியாக ஏறும்போதே நாலு பக்கமும் தண்ணீரைச் சூடாக்குகிறது. புகைபோக்கியைக் கூரைக்கு மேலே தூக்கிவிட்டேன். ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மூணு கல் அடுப்பில் ஒரு நாளைக்கு மூன்றரை கிலோ விறகு போனது, இப்போது ஒன்றேகால் கிலோ. மிளாறை ஆவணியிலேயே காயவைத்து ஷீட்டுக்கு அடியில் அடுக்கிவிட்டேன். காய்ந்த விறகுதான் பாதி வைத்தியம்.

இன்னொரு மாற்றம். காலையில் பாய்லர் மூட்டுவது இப்போது நான். முதல் வாரமே கண் எரிச்சல், முதுகு வலி. சம்சாரம் பார்த்துச் சிரிக்கிறாள். "முப்பது வருசம் கழிச்சி வந்தியே"ன்னு சொல்லுது.

சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்பக்கத்து அறைக்கு மெத்தை போட்டதும் மாப்பிள்ளை சொன்னபடி ஒன்று வைப்போம். மார்கழி, தைக்கு அது, மழைக்கு பாய்லர். ஆனால் ஒரு போகம் மணிலா போட்டு, கடன் போகக் கையில் நிற்பது அதற்குக் காணாது. ஆகவே கேட்கிறேன். 2011ல் பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீடும் சோலார் விளக்கும் கொடுத்தார்கள். நல்ல திட்டம். இப்போதும் அரசு கான்கிரீட் வீடு கட்டித் தருகிறது. அந்தக் கூரைமேல் ஒரு டேங்க், ஒரு 100 லிட்டர் ஹீட்டர், தாலுகாவுக்கு ஒரு ரிப்பேர் ஆள். மெத்தை இல்லாத வீட்டுக்குப் புகைபோக்கி வைத்த பாய்லர். முதலில் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் வயசானவர்கள் இருக்கிற வீட்டுக்கும் கொடுங்கள். கொடுக்கும் முன் வீட்டு ஆம்பளையைக் கேட்காதீர்கள். அடுப்பு ஊதுகிறவளைக் கேளுங்கள்.

டவுனில் இருக்கிற நண்பர்களே, பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள். விடிகாலையில் "குளிக்க வெந்நீர் ரெடி"ன்னு அம்மாவோ பெரியம்மாவோ கூப்பிடுவார்கள். சொம்பை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் தோட்டத்துப் பக்கம் போய், அது எதில் காய்ந்தது என்று பாருங்கள். மூணு கல்லாக இருந்தால், இந்தத் தடவை புடவைக்குப் பதிலாக ஒரு பாய்லர் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.