வாறுகாலுக்கும் ஒரு திட்டம் வேண்டும்

வீட்டுக்குள் நூறு லிட்டர் தண்ணீர் வந்தால் சுமார் எண்பது லிட்டர் கழிவுநீராக வெளியே போகும். குடிநீர்த் திட்டமும் வடிகால் திட்டமும் வரைகிற பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு இது. அந்த நூறு லிட்டருக்காகக் காலிக் குடத்தோடு பெண்கள் சாலையில் உட்காருவது நம் பக்கத்தில் புதிதல்ல. எண்பது லிட்டர் எங்கே போகிறது என்று கேட்டு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்தில் தண்ணீருக்கு இந்தப் பாடு வரக் காரணம் நிலவாகு. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் குற்றாலம். ஆனி, ஆடியில் அங்கே சாரல் கொட்டும். அந்தக் காற்று மலையை விட்டு இறங்கி இங்கே வரும்போது ஈரம் தீர்ந்து வெறும் காற்றாகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகினால்தான் கிணறு ஊறும், தக்காளியும் கத்தரியும் பல்லாரியும் விளையும், காய்கறி மார்க்கெட் நிறையும். ராமநதி–ஜம்புநதி மேல்மட்டக் கால்வாய் என்று இங்குள்ள விவசாயிகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருவதும் இதனால்தான். குடிப்பதற்கோ தாமிரபரணியை விட்டால் வேறு கதியில்லை. ஆற்றில் உறைகிணறு இறக்கி, மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி, குழாய் வழியாகக் கொண்டுவந்து, மேல்நிலைத் தொட்டியில் நிரப்பி, அதன் பிறகே தெருவுக்குத் திறக்க முடியும். ஒவ்வொரு குடமும் மின்கட்டணம் கட்டி ஏறிவந்த குடம்.

இப்படி வருகிற தண்ணீருக்கு அரசு வைத்திருக்கும் அளவைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேட்டின் 1999-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, குழாய்த் தண்ணீர் உண்டு, பாதாளச் சாக்கடை இல்லை என்கிற ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர். பாதாளச் சாக்கடை இருக்கிற ஊருக்கும் கொண்டுவரப்போகிற ஊருக்கும் 135 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்கு 55. தண்ணீரும் சாக்கடையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம் என்பது அந்தக் கையேட்டை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் ஒரு பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இருபதாயிரம் பேர் உள்ள ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 70 லிட்டர் கொடுத்தால் நாளைக்கு 14 லட்சம் லிட்டர். அதில் 11 லட்சத்துக்கு மேல் வாறுகால் என்கிற தெருச் சாக்கடைக்குப் போகும். நாளைக்கே தண்ணீர் தாராளமாகி ஆளுக்கு 135 லிட்டர் கிடைத்தால் வெளியே வருவது 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரியில் அள்ளினால் 216 லோடு. தினமும். இவ்வளவும் போய்ச்சேர ஊருக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு: பள்ளத்தில் இருக்கிற குளம். அந்தக் குளத்துத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி ஊறுகிற கிணற்றில்தான் நம் தோட்டங்களும் இருக்கின்றன.

நம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தண்ணீர் திறக்கிற நேரத்தில் தெருவில் நின்று பார்த்தேன். வால்வு இருக்கிற குழிக்குள் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். திறக்கிறவர் அதற்குள் சாவிக்கம்பியை விட்டுத் திருகினார். வீடுகளுக்குப் போகிற கிளைக் குழாய்கள் எல்லாம் வாறுகாலுக்குள் இறங்கி, சாக்கடைக்குள்ளேயே கொஞ்ச தூரம் படுத்து, அப்புறம் வாசல்படிக்குக் கீழே நுழைந்தன. ஒரு இணைப்பில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். மடியில் பீடித்தட்டோடு திண்ணையில் இருந்த அம்மா எழுந்துவந்து, முதல் இரண்டு குடத்தைப் பிடித்து வாசலில் ஊற்றிவிட்டு மூன்றாவது குடத்தை உள்ளே எடுத்துப்போனார்.

"தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் விடப்பா. இப்பத்தான் நல்லா தெளிஞ்சு வருது."

"அடுத்த தெருக்காரங்க என்னைய சும்மா விடுவாங்களாக்கா? அவங்களுக்கும் நாலு நாள் கழிச்சு இன்னைக்குத்தான்."

ஏன் முதல் குடம் கலங்கி வருகிறது? நாள் முழுவதும் தண்ணீர் ஓடுகிற குழாயில் உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருக்கும். ஓட்டை இருந்தால் நல்ல தண்ணீர் வெளியே கசியுமே தவிர அழுக்கு உள்ளே வராது. நாலு நாளைக்கு ஒருமுறை திறந்து மூடுகிற குழாயில், மூடியதும் உள்ளே காலியாகும். அப்போது சுற்றியிருப்பதை இணைப்பு வழியாக அது உறிஞ்சும். சில வீடுகளில் மின்மோட்டார் வைத்து இழுத்தால் உறிஞ்சுவது இன்னும் கூடும். குழாயைச் சுற்றி இருப்பது சாக்கடை என்றால் அடுத்த முறை குடத்துக்கு வருவதும் அதுவே. ஆற்றங்கரையில் எவ்வளவு குளோரின் போட்டு அனுப்பினாலும் கடைசி நூறு அடியில் அத்தனையும் வீணாகும். வாந்திபேதி வந்த பிறகு பிளீச்சிங் பவுடர் தூவுவதைவிட, அந்தக் கிளைக் குழாயை வாறுகாலுக்கு மேலே தூக்கிக் கட்டுவது மலிவு.

கழிப்பறைக் கதை வேறு. தூய்மை இந்தியா வந்த பிறகு வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துவிட்டது. அதற்குப் பின்னால் குழியும் வந்துவிட்டது. செப்டிக் டேங்க் என்று நாம் சொல்வதில் பலவும் அடித்தளம் போடாத உறைக்குழிகள். இன்னும் சிலவற்றில் நிரம்பியதும் வழிகிற தண்ணீரை நேரே வாறுகாலில் திருப்பிவிட்டிருப்பார்கள். நிரம்பினால் லாரியைக் கூப்பிடுகிறோம். லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்பதில்லை. மனிதரைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. கசடு கழிவு மேலாண்மைக்குத் தமிழ்நாடு அரசு 2014-ல் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது; 2022-ல் உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்தி லாரிகளுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்று ஆக்கியது. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. கொட்டுவதற்கு ஒரு இடம் இல்லாத ஊரில் உரிமம் வைத்திருக்கிற லாரி மட்டும் என்ன செய்யும்? இருட்டியதும் ஓடைப் பக்கம்தான் போகும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். பணம் இருக்கிறது, ஆனால் இரண்டு வேறு கோப்புகளில். 2021 அக்டோபர் 1-ஆம் தேதி மத்திய அரசு இரண்டு திட்டங்களை ஒரே நாளில் தொடங்கியது. ஒன்று அம்ருத் 2.0. மதிப்பீடு 2,99,000 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 76,760 கோடி. 2015-ல் வந்த முதல் அம்ருத் 500 நகரங்களுக்கு மட்டும்தான். இரண்டாவது, நாட்டில் உள்ள எல்லா நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் குடிநீர் இணைப்பு கொடுக்க வந்தது. ஒரு லட்சத்துக்குக் கீழே மக்கள்தொகை உள்ள ஊர் என்றால் திட்டச் செலவில் பாதியை மத்திய அரசு தரும். நம்மைப் போன்ற ஊர்களுக்கு நல்ல வாய்ப்புதான். ஆனால் அதே அம்ருத் 2.0-வில் கழிவுநீருக்கான பணம் பழைய 500 நகரங்களுக்கு மட்டும். சின்ன ஊர்களின் கழிவுநீர், அன்றே தொடங்கிய தூய்மை இந்தியா 2.0-வில் 'பயன்படுத்திய நீர் மேலாண்மை' என்ற தலைப்புக்குப் போய்விட்டது. தண்ணீருக்கு ஒரு கோப்பு, சாக்கடைக்கு இன்னொரு கோப்பு. தண்ணீர்க் கோப்பு முதலில் நகரும், ஏனென்றால் அதைக் கேட்க ஆள் இருக்கிறது. குழாய் பதித்து, சாலை போட்டு முடிந்த பிறகு மற்றக் கோப்பு வந்தால் அதே சாலையை மறுபடி தோண்ட வேண்டும்.

பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாய் ஒதுக்கியது. பத்து லட்சத்துக்குக் கீழ் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு வந்த மானியத்தில் 60 சதவீதத்தை இஷ்டம்போல் செலவழிக்க முடியாது. பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுபயன்பாட்டுக்கு. பாதி துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும். இந்த ஒரு இடத்தில் தண்ணீரும் கழிவும் ஒரே பையில் சரிபாதியாக வந்தன. மானியம் பெற ஒரு நிபந்தனையும் இருந்தது: சொத்து வரியின் அடிமட்ட விகிதத்தை மாநிலம் அறிவித்து, பிறகு வசூலைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வீட்டுத் தீர்வை உயர்ந்தபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. நம்மைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடிக்குக் கீழ் 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. தீர்வை ஏறியதற்குக் கோபப்பட்டோம், நியாயம்தான். ஆனால் அந்தத் தீர்வையோடு கட்டுப்பட்டு வந்த மானியத்தில் நம் வார்டுக்கு என்ன நடந்தது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திட்டங்களின் மானியம் கட்டுவதற்கு வரும், ஓட்டுவதற்கு வராது. மோட்டாருக்கு மின்கட்டணம், வால்வு மாற்ற, தொட்டி கழுவ, சுத்திகரிப்பு நிலையத்தில் ஆள் வைக்க — இவை எல்லாம் ஊரின் சொந்த வருமானத்தில் நடக்க வேண்டியவை. திறப்பு விழாவுக்கு ஐந்து வருஷம் கழித்துப் புல் முளைத்துக் கிடக்கிற நிலையங்களை நாம் பார்த்திருக்கிறோம். அவை பெரும்பாலும் கட்டத் தெரியாமல் கெட்டவை அல்ல, நடத்தப் பணம் ஒதுக்காமல் கெட்டவை.

ஊர்மக்கள் பணம் போட்டுத் திட்டம் நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது, தமிழ்நாட்டிலேயே. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தனி நகராட்சி. செப்டிக் டேங்க்கும் லாரியும்தான் அங்கேயும் கதி. அப்போது நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி, பாதாளச் சாக்கடைக்கு மக்களிடமே டெபாசிட் வாங்குவது என்று இறங்கினார். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், கடை, நிறுவனங்களுக்கு 10,000 ரூபாய். குடியிருப்போர் சங்கங்களோடு வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தது. மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்தது. சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம் நடந்து முடிந்தது. 2002-ல் இன்னொரு வழியும் திறந்தது. தனியாகப் போய்க் கடன் கேட்க வலுவில்லாத பத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளைச் சேர்த்து, அவற்றின் குடிநீர், வடிகால் திட்டங்களுக்காக 30.41 கோடி ரூபாய்க்குக் கூட்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் வளர்ச்சி உதவி நிறுவனமாக இருந்த யுஎஸ்எய்டு அதில் பாதிக்கு உத்தரவாதம் நின்றது.

ஆலந்தூரை அப்படியே ஆலங்குளத்துக்குத் தூக்கிவர நான் சொல்ல மாட்டேன். அது மாதச் சம்பளக்காரர்கள் நிறைந்த ஊர். இங்கே பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிற வீட்டில் ஒரே தவணையில் ஐந்தாயிரம் கேட்பது கொடுமை. பாதாளச் சாக்கடைக்குக் குழாயில் கழிவைத் தள்ளிக்கொண்டு போகத் தண்ணீரும் நிறைய வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை திறக்கிற ஊரில் அது அடைத்துக்கொள்ளும். ஆலந்தூரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: திட்டம் வரைவதற்கு முன்பே ஊரைக் கூப்பிட்டு, கணக்கைக் காட்டி, இவ்வளவு ஆகும், இவ்வளவு மானியம், உன் பங்கு இவ்வளவு என்று சொன்ன நேர்மை. பணம் கொடுத்தவர்கள் வேலை நடக்கிறதா என்று தினமும் வந்து பார்ப்பார்கள்.

நமக்குப் பொருந்துகிற முன்மாதிரி மராட்டியத்தில் இருக்கிறது. சதாரா மாவட்டத்தில் கிருஷ்ணா ஆற்றங்கரையில் வாய் என்று ஒரு சிறு நகரம். அங்கே 2018 முதல், நிரம்பி வழிகிற வரை காத்திருக்காமல், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முறை வைத்து ஒவ்வொரு வீட்டு செப்டிக் டேங்க்கையும் காலிசெய்யும் ஏற்பாடு வந்தது. வீட்டுக்காரர் லாரிக்குத் தனியாகப் பணம் கொடுப்பதில்லை. ஆண்டு வரியில் ஒரு சிறு துப்புரவு வரி. லாரி நேரே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், அங்கே கொட்டினால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். சுத்திகரிப்பு நிலையத்துக்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி பேரூராட்சியில் 2017-லேயே கசடு கழிவுக்கென்று தனி நிலையம் வந்துவிட்டது. பக்கத்து மதுராந்தகத்துக் கழிவும் அங்கே வருகிறது.

ஆலங்குளத்துக்கும் அதுதான் வழி என்று நினைக்கிறேன். தனியாக ஒரு நிலையம் கட்டி நடத்துவது ஒரு பேரூராட்சிக்குப் பாரம். சுரண்டை, கீழப்பாவூர், ஆலங்குளம் என்று பக்கத்து உள்ளாட்சிகள் சேர்ந்து ஒன்று கட்டலாம். பாவூர்சத்திரத்தையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் அதில் இணைக்கலாம். குளத்துக்குள் வாறுகால் நுழைகிற வாயிலில் சிறு சுத்திகரிப்பு அமைப்பு, வாறுகாலுக்குள் கிடக்கிற குழாய்களை வெளியே எடுப்பது — இவை இரண்டையும் குடிநீர்த் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அம்ருத் 2.0-வில் ஒவ்வொரு ஊரும் நீர்ச் சமநிலைத் திட்டம் ஒன்று தயாரித்தாக வேண்டும்: எவ்வளவு வருகிறது, எவ்வளவு கசிகிறது, எவ்வளவு கழிவாகிறது, எவ்வளவை மறுபடி பயன்படுத்தலாம் என்று. அந்தத் தாளைத் தமிழில் எழுதி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், கூட்டத்தில் கவுன்சிலர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி எல்லாம் அதிலேயே இருக்கும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் இடம். நிலையம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம், எங்கள் ஊர்ப் பக்கம் வேண்டாம் என்றும் எல்லோரும் சொல்வோம். லாரி அதிக தூரம் ஓடினால் டீசல் செலவு தாங்காது. ஓட்டுநர் பாதி வழியில் ஓடையில் கொட்டிவிடுவார். ஆகவே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள், குளத்துக்கும் குடியிருப்புக்கும் விலகி, ஒரு புறம்போக்கு நிலம் வேண்டும். எந்த சர்வே எண்ணில் என்று முடிவுசெய்கிற கூட்டத்துக்கு மூன்று ஊர்க்காரர்களும், கருங்குழிக்குப் போய் அங்கே வாடை அடிக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு வந்து உட்கார வேண்டும். ஒரு வேன் வாடகையில் முடிகிற வேலை.